மூன்றாவது பெட்டி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. உறையைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், உள்ளே மூன்று பாஸ் இருக்கிறது. முதலில் அதை எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, பிறகு என்னைத் திட்டிக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

போனில் பேசலாம் என்றால் நீங்கள் வருவதில்லை. அண்ணன்தான் எடுக்கிறார். "அவளுக்குக் கையில வேலை" என்கிறார். நான் கிளம்பி வந்ததிலிருந்து உங்களுக்குக் கையில் வேலை ஓயவே இல்லை போலிருக்கிறது. சரி, கோபம் நியாயம்தான். உங்கள் மாமாவின் மருந்துக்கடையில் எனக்காக நீங்களே கேட்டு வாங்கி வைத்த இடம். திங்கட்கிழமை சேர்ந்துவிடுகிறேன் என்று உங்களிடம் தலையாட்டிவிட்டு, அதே திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து நின்றேன். மாமாவின் முன்னால் உங்களுக்குப் பெரிய தலைகுனிவு என்று அண்ணன் சொன்னார். ஆனால் அண்ணி, மாத்திரை அட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார என்னால் முடியாது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தீம் பார்க்கில் ஆள் எடுத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஓர் ஆள் கோபக்கார வாடிக்கையாளராக நடித்து முகத்துக்கு நேரே கத்தினார். நாம் சிரித்த முகம் மாறாமல் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் போன இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். உங்களோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா? அங்கேயே எடுத்துக்கொண்டார்கள்.

சலுகைகளைச் சொன்னால் பொறாமைப்படுவீர்கள். சீருடையை அவர்களே துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறார்கள். மதியச் சாப்பாடு இலவசம். விடுதியில் அறை, கூட ஒரு பெண் இருக்கிறாள், பரிசுக் கடையில் வேலை. குறட்டை மட்டும்தான் குறை. பிறந்தநாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. காலையில் வாசல் திறப்பதற்கு முன் எதில் வேண்டுமானாலும் ஏறிச் சுற்றலாம். பயிற்சிக் காலம் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டால் குடும்பத்துக்கே வருஷம் முழுக்க அனுமதி.

என்னைப் போட்டிருப்பது புது ரோலர் கோஸ்டரில். பெயர் மின்னல். நான் மேடையில் நிற்பவள். ஆட்கள் உட்கார்ந்ததும் அவர்கள் மடிமேல் ஒரு கம்பி இறங்கும். ஒவ்வொரு கம்பியையும் அமுக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, அப்புறம் என் இடத்துக்கு வந்து பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடி அறையில் இருப்பவனிடம் இன்னொரு பொத்தான். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினால்தான் வண்டி நகரும். அண்ணன் பஸ் ஓட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்கிறாரே, நானும் வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

மின்னலைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முந்தின ஞாயிறு குடும்ப நாள். அன்று ஊழியர்களின் வீட்டார் மட்டும்தான். முதல் சுற்றே நம் வீட்டாருக்குத்தான். ஏப்ரல் ஒன்பது. நீங்கள் மூன்று பேரும் வர வேண்டும். குட்டியைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவள் உயரம் நான்கு அடிக் கோட்டைத் தொட்டால் போதும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 12

நாத்தனார் அம்மாளுக்கு,

பாஸ் வந்தது. கிழிக்கவில்லை.

போனுக்கு நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. போனில் என்றால் ஒருத்தி கத்துவாள், மற்றவள் பாதியில் வைத்துவிடுவாள். காகிதம் என்றால் கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் நானும் எழுதுகிறேன்.

மாமா இப்போதும் என்னைப் பார்த்தால் "உன் நாத்தனார் திங்கட்கிழமை வருவாளா?" என்று கேட்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு வார்த்தை, எனக்கு இது வேண்டாம் அண்ணி என்று சொல்லியிருந்தால் நான் உன்னைக் கடித்துத் தின்றிருப்பேனா? அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. பாஸ் அனுப்பியதால் ஆறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

ஆனால் குட்டிக்கு எதுவும் தெரியாது பாவம். பாஸைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை. பள்ளிக்கூடத்தில், எதிர்வீட்டில், பால் ஊற்ற வருபவரிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. நீ எழுதிய உயரத்தை அவள் அப்பா சமையலறைக் கதவில் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையும் மாலையும் போய் நின்று பார்க்கிறாள். குதிகாலைத் தூக்கித் திருட்டுத்தனம் செய்கிறாள், நான் தலையில் புத்தகத்தை வைத்து அமுக்குகிறேன். நேற்று நிஜமாகவே கோட்டைத் தொட்டுவிட்டாள். உயரம் மட்டும்தான் வளர்கிறது, உடம்பில் சதை ஒட்டவில்லை. போன வருஷப் பாவாடை நீளம் குறைந்துவிட்டது, இடுப்பில் மட்டும் அப்படியே நிற்கிறது. தைக்கிறவள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த உடம்பு.

பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. இருந்தாலும் நடுவில் நேரம் பண்ணி அவளுக்கு மஞ்சளில் ஒரு கவுன் தைத்துவிட்டேன். உன் அண்ணன் அந்த ஞாயிற்றுக்காக யாரோ ஒருவரோடு டியூட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதிலாக எந்தப் பண்டிகை நாளில் வேலை பார்க்கப் போகிறாரோ தெரியவில்லை.

விடுதியில் தண்ணீர் நன்றாக வருகிறதா? உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதே. இதை எழுதியதால் சமாதானம் ஆகிவிட்டோம் என்று அர்த்தமில்லை.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். குடும்ப நாள் தள்ளிப்போகிறது. ஏதோ பெயின்ட் வேலை பாக்கி என்கிறார்கள். புதுத் தேதி எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. அண்ணன் டியூட்டியைப் பழையபடி மாற்றிக்கொள்ளட்டும், பாவம், வீணாகப் பண்டிகை நாளை இழக்க வேண்டாம்.

பாஸ் உங்களிடமே இருக்கட்டும். குட்டியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மஞ்சள் கவுனை அவள் வேறு எங்காவது போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தைத்தால் எங்கே போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

தொண்டை நன்றாக இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

பெயின்ட் வேலையா?

மேல்மாடிக்காரியின் தம்பி உங்கள் பார்க்கில்தான் ஐஸ்கிரீம் வண்டி தள்ளுகிறான், உனக்குத் தெரியாதா? முந்தாநாள் அக்காவைப் பார்க்க வந்திருந்தான். "ஒன்பதாம் தேதிக்கு எங்களுக்கே லீவு கிடையாதுக்கா, அத்தனை பேர் வர்றாங்க" என்று என் வீட்டு வாசலில் நின்று சொல்கிறான். பெயின்ட் அடித்து முடித்து மாசக்கணக்காகிறதாம். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் தெரிந்துகொள்.

எங்களை வரவேண்டாம் என்று சொல்ல உனக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதானே? இஸ்திரி போட்ட சீருடையோடு நீ மேடையில் நிற்பாய். காக்கிச் சட்டையோடு உன் அண்ணனும், விரலெல்லாம் ஊசி குத்திய அண்ணியும் வந்து நின்றால் உன் மேனேஜர் என்ன நினைப்பார்? யார் இவர்கள் என்று உன் கூட்டாளிகள் கேட்டால் என்ன சொல்வாய்? அந்தக் கவலை உனக்கு.

அல்லது பழைய கணக்கைத் தீர்க்கிறாயா? தீர்ப்பதென்றால் என்னிடம் தீர்த்துக்கொள். பிள்ளையை நடுவில் இழுத்திருக்கக் கூடாது. பாஸே அனுப்பாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆசை காட்டிவிட்டுப் பிடுங்குகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கதவுக் கோட்டின் முன்னால் போய் நிற்கிறாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "அவ குணம் தெரியாதா, நம்ம பாஸ் நம்ம கையில இருக்கு, போவோம்" என்றார். நாங்கள் வருகிறோம்.

அண்ணி


மார்ச் 31

அண்ணி,

தள்ளிப்போகிறது என்று எழுதியது பொய். உங்களைப் பார்க்க வெட்கப்பட்டு எழுதிய பொய் இல்லை. இந்தக் கடிதத்தைக் குட்டி இல்லாத நேரத்தில் படியுங்கள்.

ஆட்களை ஏற்றுவதற்கு முன் வண்டியில் பொம்மைகளை வைத்து ஓட்டுவார்கள். மனித உருவத்தில் பிளாஸ்டிக் பைகள், உள்ளே தண்ணீர் நிரப்பியிருக்கும். போன வாரம் மூன்றாவது பெட்டியில் இடது ஓரத்துப் பொம்மை, பெரிய இறக்கத்தைத் தாண்டி வந்தபோது கம்பிக்கு வெளியே சாய்ந்து கிடந்தது. நான்தான் அமுக்கி, இழுத்துப் பார்த்து அனுப்பியிருந்தேன். மறுபடி ஓட்டினோம். மறுபடி அதே இடத்தில் கம்பி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். கம்பியைப் பிடித்து நிறுத்தும் பல் ஒன்று தேய்ந்திருக்கிறது, பூட்டிய பிறகும் நழுவுகிறது என்றார். மாற்றுவதற்குச் சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், திறப்பு விழாவுக்கு முன் வராது. "பெரிய ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அவங்க வயிறே தாங்கிக்கும். ஒல்லியான பிள்ளைங்கதான்மா" என்றார். அதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாம் அல்லது காலியாக ஓட்டலாம் என்று ஸ்பானர் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. குடும்ப நாள் அன்று படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள், மேடைக்கு நேரே நிற்பது மூன்றாவது பெட்டிதான், அது காலியாக இருந்தால் நன்றாக இருக்காதாம். மேடையில் வேலை செய்பவர்களின் வீட்டாருக்கு அந்தப் பெட்டியைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் இடது ஓரத்திலிருந்து மூன்று இடம் எங்கள் வீட்டுக்கு.

நானே மேனேஜரின் அறைக்குப் போனேன். "பூட்டினதும் பச்சை விளக்கு எரியுதா இல்லையா?" என்று கேட்டார். எரிகிறது என்றேன். "அப்புறம் உனக்கு என்ன கவலை?" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, "உன் பயிற்சிக் காலம் குடும்ப நாளோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் முகம் மாறாமல் சிரிக்கப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

இந்த வேலை போனால் அறை போகும். அறை போனால் நான் எங்கே போவேன் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்த வீட்டைத் தவிர எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால்தான் இரண்டு பக்கமும் உடையாமல், பெயின்ட் என்று ஏதோ எழுதிப் பூசி மெழுகப் பார்த்தேன்.

அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான் ஓட்டுற பஸ்ல பிரேக்கே பாதிதான் பிடிக்குது, ஊரே அதுலதான் போகுது" என்று சிரித்தார். உங்களிடம் சொல்லச் சொன்னேன். சொன்னாரா என்று தெரியவில்லை.

அண்ணி, கெஞ்சிக் கேட்கிறேன். வராதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 4

உன் அண்ணன் சொல்லவில்லை. கடிதத்தைக் காட்டிக் கேட்ட பிறகுதான், ஆமாம், ஏதோ உளறினாள் என்றார்.

எதை நம்புவது, நீயே சொல். போன கடிதத்தில் பெயின்ட், இந்தக் கடிதத்தில் பல். திங்கட்கிழமை சேர்கிறேன் என்றதும் இதே கைதான், இதே வாய்தான். நான் இதையும் நம்பிப் பிள்ளையிடம் போய்ச் சொல்லி, அவள் அழுது தீர்த்த பிறகு மேல்மாடிக்காரியின் தம்பி வந்து எல்லோரும் ஜாலியாகச் சுற்றினார்கள் என்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அத்தனை பெரிய பார்க். அதிகாரிகள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தெரிந்தே குழந்தைகளை ஏற்றுவார்களா? உன் அண்ணன் அதைத்தான் கேட்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலில் இறங்குகிறது.

ஒன்று செய். நிஜம் என்றால் எங்களை வேறு பெட்டியில் உட்கார வை. அதற்குக்கூட உனக்கு அங்கே செல்வாக்கு இல்லையா? முதல் பெட்டியோ கடைசிப் பெட்டியோ, ஏதாவது ஒன்று. அதை மட்டும் செய், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

இதை ஐஸ்கிரீம்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது.

பெட்டி மாற்றக் கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்கவில்லை. மாற்றினால் உங்கள் இடத்துக்கு வருவது டிக்கெட் கவுண்டர் அக்காவின் மகன். குட்டியைவிட ஒரு பிடி ஒல்லி. அவனை உட்கார வைத்துக் கம்பியை அமுக்கிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, நான் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த அக்காவிடமும் சொன்னேன். அவளும் அண்ணன் மாதிரியேதான் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகாதவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஸ்பானரை நேற்றிலிருந்து கார் நிறுத்தும் இடத்தில் கேட் பழுது பார்க்கப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

நாத்தனார்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். குட்டி ஏறினாளா?

அண்ணன் போனை எடுக்கவில்லை. நேற்று முழுக்க அடித்தேன். ஒரு தடவை எடுத்து, "மானத்தை வாங்கிட்டேல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரலை வைத்து, யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் தெரியவில்லை.

நீங்கள் மூன்று பேரும் வரிசையில் வந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். மஞ்சள் கவுன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனால் என் சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது என்று சைகை காட்டினீர்கள். நடுவில் குட்டி, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அண்ணன் என்று உட்கார வேண்டியது. ஓரத்து இடம்தான் வேண்டும் என்று குட்டி அடம்பிடித்தாள், அண்ணனும் சரி என்று மாறி உட்கார்ந்தார். அந்த இடது ஓரம். நான் அவள் மடிமேல் கம்பியை அமுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். நின்றது. பொம்மைக்கும் அப்படித்தான் நின்றது. "அத்தை, நீங்கதான் ஓட்டப்போறீங்களா?" என்று கேட்டாள்.

என் இடத்துக்குப் போய் நின்றேன். கண்ணாடி அறைக்காரன் அவன் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். படம் எடுப்பவர்கள் காமிராவை இறக்கினார்கள். அண்ணன், "அழுத்தேன், வெயில் கொளுத்துது" என்று கத்தினார். பின்பெட்டிகளில் இருந்தவர்கள் கைதட்டிக் கேலி செய்தார்கள். நீங்கள் சொன்னது மட்டும் எனக்கு இப்போதும் காதிலேயே நிற்கிறது. "இத்தனை பேர் பார்க்க இது என்ன கூத்து? அழுத்திடு." உங்களைப் பார்த்து, மாட்டேன் அண்ணி என்று சொன்னேன்.

மேனேஜர் வந்து என் சட்டையிலிருந்த பெயர் வில்லையைக் கழற்றிக்கொண்டார். எனக்குப் பதிலாக வேறு ஒருத்தியைக் கூப்பிட்டார். அங்கே ஒரு விதி உண்டு. மேடையில் ஆள் மாறினால், புதிதாக வருபவள் எல்லாக் கம்பியையும் திறந்து, மறுபடி இறக்கி, தன் கையால் பூட்டிப் பார்த்த பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். எவ்வளவு அவசரம் என்றாலும் அதை மட்டும் மீற மாட்டார்கள், திறக்காவிட்டால் வண்டியே நகராது. எல்லாக் கம்பியும் ஒரு தடவை மேலே போகும் அல்லவா, நான் அதற்காகத்தான் நின்றேன். என்னால் வண்டியை நிறுத்த முடியாது. உங்களுக்கு எழுந்திருக்க ஒரு நிமிஷம் வாங்கிக் கொடுக்க முடிந்தது.

எழுந்தீர்களா என்று பார்ப்பதற்குள் காவலாளிகள் என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுவருக்கு வெளியே நின்றேன். வண்டி மேலே ஏறும் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு அலறல். சந்தோஷத்தில் அலறினாலும் வேறு எதற்கு அலறினாலும் சுவருக்கு வெளியே நிற்பவளுக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

வேலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். குறட்டைக்காரி அவளுடைய அத்தை வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறாள். அதைப் பற்றி என்னால் இப்போது யோசிக்கவே முடியவில்லை. திட்டுவதானால் திட்டுங்கள், முதல் வரியில் மட்டும் அவள் ஏறினாளா இல்லையா என்று எழுதிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 14

ஏறவில்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். நீ முதலில் இதைப் படித்து மூச்சுவிடு. மீதியை மெதுவாகப் படி.

உன்னை இழுத்துக்கொண்டு போனதும் அந்தப் புதுப் பெண் வந்தாள். நீ சொன்ன மாதிரியே எல்லாக் கம்பியும் ஒரு சத்தத்தோடு மேலே போனது. மறுபடி இறங்கியது. அவள் வந்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனாள். நான் குட்டியின் மடியைப் பார்த்தேன். கம்பி அவள் மேல் படவே இல்லை. என் கையை மடக்கி நடுவில் விட்டுப் பார்த்தேன், முட்டி தாராளமாக உள்ளே போனது. உடுப்புக்குத்தான் நாங்கள் கொஞ்சம் லூசு விட்டுத் தைப்போம். உயிரைக் காக்கிற கம்பிக்கு எதற்கு அத்தனை லூசு?

அதைப் பார்த்துத்தான் இறங்கினேன் என்று சொன்னால் உன் அண்ணன் நம்பிவிடுவார். ஆனால் அந்தக் கம்பி இறங்குவதற்கு முன்பே என்னால் உட்கார முடியவில்லை. கையைத் தூக்கி, "எங்களை இறக்கிவிடுங்க" என்று கத்தினேன். மேனேஜர் ஓடிவந்து, பச்சை விளக்கு எரிகிறது, பயப்படாதீங்கம்மா என்று பக்குவமாகச் சொன்னார். குட்டி கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் அண்ணன், "உக்காரு, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று பல்லைக் கடித்தார். திறக்கும் வரை நான் கத்துவதை நிறுத்தவில்லை. உன்னை வேலைக்கு எடுத்தபோது ஓர் ஆள் கத்தினானே, அவன் என்னிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். திறந்தார்கள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னாலிருந்து ஒரு நர்ஸ் அம்மா தன் மகளை இறக்கிக்கொண்டாள். அப்புறம் டிக்கெட் கவுண்டர்காரி கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஆனால் இறங்கவில்லை. வேறு யாரும் இறங்கவில்லை.

உன் அண்ணன் இறங்கவில்லை. குட்டி இருந்த ஓரத்துக்கே நகர்ந்து உட்கார்ந்து, நான் காட்டுகிறேன் பார் என்று போனார். அவர் தொப்பைக்கு அந்தக் கம்பி எங்கே நழுவும்? சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அன்றைக்கு எத்தனை சுற்று ஓடியதோ, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை அவர் காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு தடவையும், சாப்பிட உட்காரும்போது ஒரு தடவையும் சொல்கிறார். ஒன்றும் ஆகவில்லை பார்த்தாயா என்கிறார். ஆகவில்லைதான். என் பிள்ளை தரையில் நின்றாள், ஆகவில்லை. அதற்கு மேல் அவரோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

குட்டி என்னோடு பேசுவதில்லை. மஞ்சள் கவுனைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் வீசிவிட்டாள். பள்ளியில் கேலி செய்கிறார்களாம். உன்மேலும் கோபம்தான், அத்தை வேண்டுமென்றே செய்தாள் என்கிறாள். இருக்கட்டும். கோபித்துக்கொள்ள அவள் இருக்கிறாள், அது போதும் எனக்கு.

சரி, எதற்கு இறங்கினேன் என்று சொல்கிறேன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நீ என்னிடம் எதற்குமே மறுப்புச் சொன்னதில்லை. எதைச் சொன்னாலும் சரி அண்ணி என்பாய். பிறகு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். பாத்திரம் தேய்ப்பதில் ஆரம்பித்து மாமா கடை வரைக்கும் அப்படித்தான். நீ சரி என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குக் கடைசி வரை தெரிந்ததே இல்லை. அதனால்தான் உன்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல். உன் கடிதத்தைக்கூட நம்பவில்லை, மன்னித்துக்கொள்.

அன்றைக்கு, அத்தனை பேர் கைதட்டிக் கேலி செய்ய, வேலை போகும், இருக்கிற இடமும் போகும் என்று தெரிந்துகொண்டே, நீ என்னைப் பார்த்து மாட்டேன் அண்ணி என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்ல வேண்டும் என்றால் உனக்கு "சரி அண்ணி" என்ற ஒரு வார்த்தையே போதுமே. இவள் இப்படிப் பேசுகிறாள் என்றால் அந்தக் கம்பியில் ஏதோ இருக்கிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு முட்டி நுழைந்தாலும் நுழையாவிட்டாலும் நான் இறங்கித்தான் இருப்பேன்.

யாரோ ஒருத்தியின் அத்தை வீட்டுக்கு நீ எதற்குப் போக வேண்டும்? உன் அறையில் அடுக்கி வைத்திருந்த சீருடைத் துணிகளை எல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். உன் அண்ணன் நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அதை நான் சமாளிக்கிறேன். மாமா கடைப் பேச்சை எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடு.

உனக்கு வர இஷ்டம் இல்லை என்றாலும் எனக்குப் புரியும். ஆனால் சரி அண்ணி, வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு வராமல் இருந்துவிடாதே. வர மாட்டேன் என்றால் இங்கே வந்து, வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போ.

அண்ணி